எண்பது மீட்டர் கீழே

காலை எட்டரை மணிக்கு நீலாயதாட்சி மலையைக் கெடுக்கும் வேலையைத் தொடங்குவாள்.

முந்தைய நாள் ஏறியவர்களின் கால் பட்டு எந்தப் பாறை மழமழப்பாகிவிட்டது, எந்த விளிம்பு மிதிக்க வசதியாகிவிட்டது என்ற பட்டியல் திரையில் காத்திருக்கும். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவாள். கரடாக்கிகள் என்ற ஆறுகால் இயந்திரங்கள் சரிவில் ஊர்ந்துபோய் அந்த விளிம்புகளை உடைத்துத் தள்ளும். சன்ஸ்கார் பள்ளத்தாக்கின் பனியாறுகள் உருகி மூன்று தலைமுறை ஆகியிருந்தது. இப்போது சிகரங்களில் கிடப்பது குழாயில் ஏற்றித் தெளிக்கும் பனி. அதில் எங்கே பிளவு விடுவது என்பதும் அவள் முடிவுதான். பத்தரைக்குத் தேநீர். பிறகு மறுபடியும் பிளவுகள்.

இத்தனை பாடும் ஏனென்றால், மலையில் யாரும் விழுவதே இல்லை. காதுக்குப் பின்னால் பதித்த காப்புச்சில்லு, கால் தூக்கும் முன்பே அடியைக் கணக்கிட்டுத் தசைகளைத் தானே திருப்பிவிடும். கடைசியாக ஒரு மனிதர் மலையிலிருந்து விழுந்து அறுபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏறுபவர்களோ பாதை சப்பென்று இருப்பதாகப் புகார் எழுதினார்கள். அவள் வேலை பார்க்கும் மலைவழித் துறை பாதையைக் கடினமாக்கும். சில்லு அதைச் சுலபமாக்கும். இரண்டுக்கும் நடுவில் நீலா இருபத்து மூன்று வருடங்களாக உட்கார்ந்திருந்தாள். வேதாரண்யத்துக்காரி. அவள் ஊரில் மேடு என்றால் உப்புக் குவியல்தான். இதுவரை இருநூற்றுப் பதினான்கு பாதைகள் வகுத்திருந்தாள். ஒன்றில்கூட நடந்ததில்லை. முதல் ஐந்து வருடம் அந்த ஆசை இருந்தது.

ஓர் ஆவணி மாதத்தில் உடுமலைப்பேட்டையிலிருந்து கனகமணி என்ற அம்மாள் வந்தார். நீர்ப்பகிர்வு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்தொரு வயது. நாற்காலியில் உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“சில்லை அணைச்சுப்போட்டு ஏறோணும் அம்மிணி.”

நீலா நிமிர்ந்து பார்த்தாள். “ஏம்மா, எங்க பாதை அவ்வளவு சப்புன்னா இருக்கு?”

“பாதை நல்லாத்தான் இருக்குது. அதுல நாந்தான் இல்ல. போன வருசம் மூணு சிகரம் ஏறுனேன். மேல நின்னா, யாரோ தூக்கிட்டு வந்து வெச்சுட்டுப் போன மாதிரி இருந்துச்சு.” சற்று நிறுத்தி, காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டார். “எங்கூட்டுக்காரரு போன அன்னிக்குக்கூட மயக்கம் வராம இது பாத்துக்கிச்சு. நா ஒருக்கா நானா விழுந்திருப்பேன்.”

நீலா விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

அதற்கு அதில் இடம் இருந்தது. சில்லை அணைத்து ஏறுபவரோடு பாதை வகுத்தவரும் ஒரே கயிற்றில் போகவேண்டும். அவருடைய சில்லும் அணைந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் விழும்போது, மற்றவரின் சில்லு தன் ஆளைக் காப்பாற்றுவதற்காகக் கயிற்றைக் கழற்றிவிடும். துறைத் தலைவர் ரிக்சின், விதி எழுதிய நாளிலிருந்து இதை யாரும் கேட்டதே இல்லையே என்று வியந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

பாதை வகுக்க நீலாவுக்கு ஒன்பது நாள் பிடித்தது. பனி தெளிக்காத, கரடாக்கி தொடாத பதினேழாம் முகட்டின் தெற்கு விளிம்பைத் தேர்ந்தெடுத்தாள். வழக்கமாக வசதியான கல்லைத் தேடி உடைப்பவள், இப்போது அறுபத்தொரு வயது முழங்காலுக்குத் தோதான கல் எங்கே இருக்கிறது என்று தேடினாள். எந்த நேரத்தில் திரும்பிவிடவேண்டும் என்றும் குறிக்கவேண்டியிருந்தது. அவள் வகுத்த எந்தப் பாதையிலும் அப்படியொரு குறி இருந்ததில்லை. பகல் ஒரு மணி என்று எழுதினாள்.

விடியற்காலையில் கிளம்பினார்கள். மூட்டை தூக்கிவந்த சுமையன் இயந்திரம் விளிம்பின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டு அடிவாரத்திலேயே உட்கார்ந்துகொண்டது. நூறு அடி ஏறுவதற்குள் நீலாவுக்குத் தன் கால்கள் யாருடையவோ என்று தோன்றியது. எந்தக் கல்லை மிதிப்பது என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்கவேண்டியிருந்தது. யோசிப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் கனகமணியின் காலடியில் ஒரு கல் பெயர்ந்தது. அவர் கத்தவில்லை, அப்படியே கிழக்குச் சரிவில் வழுக்கிக்கொண்டு போனார். நீலாவின் கைக்குள் கயிறு தீப்போல ஓடியது. அவள் ஈடு கொடுக்க விளிம்பின் மறுபுறம், மேற்குப் பக்கமாக விழுந்து, ஒரு பாறையைக் காலால் அணைத்துக்கொண்டு, பிடியை இறுக்கினாள். கயிறு நின்றது. உள்ளங்கைத் தோல் உரிந்து போயிருந்தது.

கனகமணி ஒவ்வொரு கல்லாகப் பிடித்து மேலே வந்துசேர இருபது நிமிடம் ஆயிற்று. வந்ததும் முதலில் நீலாவின் கையைத்தான் பார்த்தார்.

“உட்டிருக்கலாமில்ல அம்மிணி.”

“விடணும்னு தோணவே இல்லம்மா,” என்றாள் நீலா. துண்டைக் கிழித்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டாள்.

இரண்டு பேருக்கு மட்டும் இடமிருந்த ஒரு திட்டில் உட்கார்ந்தபோது மணி ஒன்று. சிகரம் எண்பது மீட்டர் மேலே தெளிவாகத் தெரிந்தது. மேற்கிலிருந்து மேகம் வந்துகொண்டிருந்தது. போகலாமா வேண்டாமா என்று சொல்லக் காதுக்குப் பின்னால் யாரும் இல்லை.

“நீயே சொல்லு கண்ணு,” என்றார் கனகமணி.

நீலா சிகரத்தைப் பார்த்தாள், பிறகு மேகத்தைப் பார்த்தாள். “திரும்பிடலாம்மா.”

“செரி.”

விறைத்துப்போன சப்பாத்தியைப் பிய்த்துத் தின்றுவிட்டு இறங்கினார்கள். ஐந்து மணி நேரம் ஆனது. அடிவாரத்தில் சுமையனின் முதுகில் சாய்ந்து கனகமணி விம்மி விம்மி அழுதார். நீலா தடுக்கவில்லை.

ரிக்சின் அந்தப் பயணத்தின் அறிக்கையைப் பொதுவில் போட்டார். ஒரே மாதத்தில் பதினோராயிரம் விண்ணப்பங்கள் வந்தன. எல்லோருக்கும் அந்தத் திட்டுக்குப் போகவேண்டும், ஆனால் சில்லோடு. திட்டை வெட்டி அறுபது பேர் நிற்கும் தளமாக்கினார்கள். ஜனங்கள் வரிசையில் ஏறிவந்து, சிகரத்தை நிமிர்ந்து பார்த்து, “திரும்பிடலாம்” என்று தழுதழுக்கச் சொல்லி, அதைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மீதி எண்பது மீட்டரை யாரும் சீண்டவில்லை. பகல் ஒரு மணிக்கு மேற்கிலிருந்து மேகம் கிளப்பும் பொறுப்பு நீலாவின் பட்டியலில் சேர்ந்தது. ஒரு நாள் மேகம் ஆறு நிமிடம் தாமதமாக வந்ததற்கு இருபத்தெட்டுப் புகார்கள்.

அடுத்த ஆவணியில் கனகமணி மறுபடி வந்தார். அவரைக் கண்டதும் நீலா திரையை அணைத்தாள். இதைப் புரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு.

“பாத்தீங்களாம்மா, என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னு.”

“பாத்தேன். பாழாக்கிப்போட்டாங்க. அதான், வேறொரு வழி போட்டுக் குடுப்பியான்னு கேக்க வந்தேன். சில்லெல்லாம் வேண்டாம். யாரும் போகாத வழியா இருக்கோணும்.”

நீலா எழுந்து கதவைச் சாத்தினாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு காகித வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தாள். துறைக்குத் தெரியாமல் எட்டு மாதமாக வரைந்தது. வடக்கு முகத்தில், ஓர் ஆள் ஒருக்களித்துப் போகுமளவுக்கு ஒரே ஒரு கோடு.

“எப்பம்மா கிளம்பலாம்?”

“நாளைக்கே போலாம். வண்டி கீழதான் நிக்குது.”

நீலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாசலில் ஒரு நீளமான வண்டி. அதைச் சுற்றி, ஒரே மாதிரிப் பச்சைத் தொப்பி போட்ட ஆண்களும் பெண்களும் கைகால்களை உதறிக்கொண்டு நின்றார்கள்.

“எங்க குடியிருப்புச் சங்கத்துக்காரங்க,” என்றார் கனகமணி, பெருமையும் கூச்சமுமாக. “என்னோட சேத்து நாப்பத்திரண்டு பேரு. நா சொல்லிச் சொல்லி அவங்களுக்கும் ஆசை வந்துருச்சு. யாருமே போகாத வழியாத்தான் வேணும்ங்கறாங்க. ஆனா எல்லாரும் ஒண்ணாத்தான் போகோணுமாம்.”

பிறகு வரைபடத்தின் மேல் குனிந்து, “மேல எல்லாரும் சேந்து நின்னு ஒரு போட்டோ எடுக்க எடம் இருக்குமில்ல கண்ணு?” என்று கேட்டார்.

நீலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த ஒற்றைக் கோட்டின் மேல் விரலை வைத்து, எங்கே வெட்டினால் நாற்பத்து மூன்று பேர் நிற்கலாம் என்று பார்க்கத் தொடங்கினாள்.