மூன்றாவது கை

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சிறுமியை அவள் அப்பா அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். நான்காம் வகுப்புப் பிள்ளை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

அவசரப் பிரிவின் தலைமை மருத்துவருக்கு நாங்கள் வைத்த பெயர் எனிமா சார். வயிற்றுவலி என்று எந்தக் குழந்தை வந்தாலும் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். எந்தப் பிள்ளையின் வயிற்றில்தான் மலம் இருக்காது? அது படத்தில் தெரிந்ததும் புதையலைத் தோண்டி எடுத்த மாதிரி ஒரு இளிப்பு. "மலச்சிக்கல். எனிமா குடுத்து அனுப்பு." குடல்வால் வீங்கினால் எக்ஸ்ரேயில் பிடிபடாது, ஸ்கேனுக்கு அனுப்புங்கள் என்று ஸ்கேன் டாக்டரான நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

போன மாதம் அப்படி அனுப்பிய ஆறு வயசுப் பையன் குடல்வால் வெடித்துத் திரும்பி வந்தான். பிழைக்கவில்லை. "லேட்டா கூட்டிட்டு வந்தா நான் என்ன பண்றது?" என்று அவன் அம்மாவிடமே கேட்டார் இந்த மகானுபாவர். வெட்கங்கெட்ட ஜென்மம்.

அன்றும் அதே கூத்து. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் எக்ஸ்ரேக்காரர் என் அறைக் கதவைத் தட்டினார். "மேடம், கொஞ்சம் வாங்களேன்."

எக்ஸ்ரே அறை இருட்டாக, சில்லென்று இருந்தது. மருந்து நெடியையும் மீறி, காய்ச்சலில் வியர்த்த குழந்தையின் தலைமுடி வாசம் அடித்தது. திரையில் சிறுமியின் வயிறு. அதன் வலது அடிப்பக்கத்தில் ஒரு கை.

எலும்புக் கை.

"அப்பா பிடிச்சிட்டிருந்தாரா?"

"அவரு வெளிய நின்னாரு மேடம். பாப்பா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கியிருந்துச்சு. மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்."

முதல் படத்தில் விரல்கள் விரிந்திருந்தன. இரண்டாவதில் ஆள்காட்டி விரல் மட்டும் ஓர் இடத்தைக் காட்டியது. மணிக்கட்டில் எலும்புகள் இன்னும் முழுதாக முளைக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் வயசு புரிந்தது.

ஆறு.

"இங்க என்ன மாநாடா?" எனிமா சார் ஏப்பம் விட்டபடி உள்ளே வந்தார். திரையை ஒரு பார்வை பார்த்தார். "குறுக்க எவன் கை? ஒரு படம் ஒழுங்கா எடுக்கத் துப்பில்ல. அதான் மலம் தெரியுதே, அனுப்புங்க."

வெளியே அப்பா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். "பெரிய டாக்டரே சொல்லிட்டாரேம்மா."

"ஐயா, வீட்டுக்குப் போனா பிள்ளைய உயிரோட பார்க்க மாட்டீங்க. வாங்க எங்கூட," என்று வழி மறித்து இழுத்துப் போனேன்.

அந்த விரல் காட்டிய இடத்தில் ஸ்கேன் கருவியை வைத்தேன். குடல்வால் வீங்கி, இதோ அதோ என்று வெடிக்கக் காத்திருந்தது.

என் கைமேல் சில்லென்று ஒரு சின்னக் கை படிந்திருந்தது.

கருவியை நகர்த்தாமல் படத்தைப் பதிவு செய்தேன்.

உடனே அறுவை சிகிச்சை நடந்தது. சிறுமி பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் பார்க்கப் போனால், எனிமா சார் எனக்கு முன்பே வந்து நின்று அவள் அப்பாவிடம் அளந்துகொண்டிருந்தார். "நல்ல வேளை, நாங்க கரெக்டா கண்டுபிடிச்சோம்." தூ! இதுவும் ஒரு பிழைப்பா?

சிறுமி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் இடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆன்ட்டி, அந்தத் தம்பி ஏன் சார்கூடப் போறான்?"

"எந்தத் தம்பிடா கண்ணு?"

"என் வயித்துல கை வெச்சிருந்தானே, அவன்தான். இப்ப சார் வயித்துல வெச்சிட்டான்."

வராந்தாவை எட்டிப் பார்த்தேன். எனிமா சார் ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு தனியாக நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை. என்னைக் கண்டதும் நிமிரப் பார்த்தார், முடியவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றார். "கேஸ் ட்ரபிள்தான்."

அவர் விரல்களுக்குச் சற்றுக் கீழே, வெள்ளைக் கோட்டில் ஐந்து சின்னக் குழிகள் மெல்ல அழுந்தின.