காதைப் பொத்தியவர்

வெள்ளிக்குழியில் அன்று காலையும் வழக்கம்போல் காற்று நின்றது. நிலாவில் குடியேறியவர்களுக்கு இதெல்லாம் கரண்ட் போவது மாதிரிதான். பூங்கோதை காற்றுப்பையை மூக்கில் மாட்டிக்கொண்டு அடுத்த அதிரசத்தைத் தட்டினாள். சற்று நேரத்தில் காற்று வந்துவிட்டது.

அதிரசம், அவள் உயிரைக் காப்பாற்றிய மகராசனுக்கு. போன வாரம் வீட்டுக் கூடத்துச் சுவர் விரிசல் விட்டு, அழுத்தம் இறங்கி, காது கிழிந்துவிடும்போல் வலித்தது. மீட்புப் படைக்காரர் ஒருவர் ஓடி வந்து, தன் காற்றுப்பையை அவளுக்கு மாட்டி, இரண்டு காதையும் பொத்தியபடியே வெளியே நடத்திக்கொண்டு போனார். தலைக்கவசக் கண்ணாடிக்குள் என்ன மூக்கு, என்ன மீசை! பெயரைச் சொல்லப் படையின் விதி இடம் கொடுக்காது. "ஆளையே அனுப்பறோம்மா" என்றார்கள். நன்றி சொல்லாமல் பூங்கோதைக்குச் சோறு இறங்கவில்லை.

வாசலில் எதிர்வீட்டு மாசிலாமணி நின்றார். வழுக்கை, தொந்தி, கொஞ்சம் மாறுகண்.

"அப்புறமா வாங்கண்ணே. எனக்கு உசிரு குடுத்தவரு வர்ற நேரம்."

"அதாம்மா..." என்று இழுத்தார்.

மறுபடி காற்று ஒரு கணம் நின்று வந்தது. பழக்கதோஷத்தில் அவர் கை சட்டென்று அவள் காதுகளைப் பொத்தியது. அதே சொரசொரப்பு, காதுக்குப் பின்னால் அதே கட்டைவிரல் அழுத்தம். பூங்கோதைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நீங்களாண்ணே? அப்ப அந்த மொகம்?"

"அது முகவொளிம்மா. தலைக்கவசக் கண்ணாடியில தெரியற படம். படையில சேந்த புதுசுல ஒரு வீட்டுக்கு என் மொகத்தோடதான் போனேன். வேற ஆளு இல்லியான்னு கதவச் சாத்திட்டாங்க. உள்ள ரெண்டு உசிரு போயிருச்சு. அப்புறந்தான் படையில இதக் குடுத்தாங்க."

"கண்ணவிஞ்ச ஜனங்க" என்று திட்டியவள், தடாலென்று அவர் காலில் விழுந்தாள். "சாகற வரைக்கும் மறக்க மாட்டேண்ணே." ஒவ்வொரு சொல்லும் அடிவயிற்றிலிருந்து வந்தது. உட்காரவைத்து, போதும் போதும் என்றாலும் விடாமல் அதிரசத்தை அள்ளி வைத்தாள்.

பிறகு கேமராவை எடுத்து வந்தாள்.

"ஒரு படம் எடுத்துக்கறேண்ணே. நாலு பேருக்குக் காட்டணும்." சற்றுத் தயங்கினாள். "அந்த மொகத்தப் போட்டுக்கறீங்களா? இப்பிடியே எடுத்தா யாரு நம்புவா?"

மாசிலாமணி சிரித்துக்கொண்டே எதிர்வீட்டிலிருந்து தலைக்கவசத்தை எடுத்து வந்து மாட்டினார்.

படம் கூடத்தில் மாட்டப்பட்டது. அதற்கு முதல் பூ வைத்த அன்று அவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். வந்த விருந்தாளிகள் எல்லோரும் படத்தைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அதன் கீழே அதிரசம் தின்றுகொண்டிருந்தவரை மட்டும், மறைக்கிறது என்று, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள்.