முள் என்று சொன்ன பொய்

"ஆரைக் கேட்டு உதைப் பிடுங்கிறியள்?"

தனுசியா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கையில் ஒரு பிடி நெருஞ்சி... வரம்பில் நின்றவனின் குரலில்தான் கோபம் இருந்தது. கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்களைப் பார்த்ததும், சொல்ல வந்த பதில் அவளுக்கு மறந்தே போனது.

"இது... களைதானே?"

"களையெண்டாலும் எங்கட களை! அகதி முகாமால வந்து இப்பதான் வெள்ளாங்குளத்தில எங்களுக்கெண்டு ஏதோ முளைக்குது."

சிரித்துவிட்டாள். யாழ்ப்பாணத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்றும், வலிக்குப் போடும் நோவுக்குளிசை சிறுநீரகத்தைக் கெடுக்காமல் நெருஞ்சிச் சாறு காக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறாள் என்றும் சொன்னாள்.

"குளிசையும் நீங்களே குடுத்து, மருந்தும் நீங்களே குடுக்கிறியளோ? பாவம் எலி!"

சுகந்தன் என்று பெயர் சொன்னான். செடி பிடுங்கித் தரக் கிட்ட வந்தபோது ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான்.

"கால்ல என்ன?"

கொஞ்சம் தயங்கினான். "நெருஞ்சி முள்..."

அடுத்த முறை அவள் வந்தபோது நிமிர்ந்து நடந்தான். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். அவள் எப்போது வந்தாலும் ஒரு பை நெருஞ்சி தயாராக இருந்தது. ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டிலுக்குள் இருவரும் ஒதுங்கி நின்றார்கள். கைப்பையில் குடை இருந்தும் அவள் எடுக்கவில்லை...

"இந்தச் சாறு மனிசருக்கும் சரிவருமோ?"

"தெரியாது. இன்னும் எலியோடதான் நிக்குது. ஏன்?"

"சும்மா..."

அந்தச் 'சும்மா'வை அவள் அப்போதே பிடித்துக்கொண்டிருக்கலாம். அவன் முகம் கொஞ்சம் ஊதியிருந்ததையும் கண்டாள்தான். என்னைக் கண்ட பூரிப்பாக்கும் என்று உள்ளுக்குள் மகிழ்ந்துபோனாள், பைத்தியக்காரி! எலிக்கு முகம் ஊதியிருந்தால் விட்டிருப்பாளா?

பிறகு இரண்டு முறை அவன் வரவில்லை. வராட்டிப் போகட்டுமே... வீடு தேடிப் போய் விசாரிக்க அவளுடைய ரோசம் விடவில்லை. மூன்றாம் முறை, நெருஞ்சிப் பையோடு வரம்பில் நின்றது அவன் தங்கை ஹம்சிகா.

"அண்ணா மன்னார் ஆஸ்பத்திரியில, அக்கா. ரெண்டு கிட்னியும் பழுதாம். முழங்காலுக்குள்ள சண்டையில பட்ட ஷெல் துண்டு கிடக்கு... அந்த நோவுக்குக் குளிசை போட்டவர். முந்தி இப்பிடி அள்ளிப் போடுறேல்ல."

பாலம் தாண்டி மன்னார்த் தீவுக்குள் பஸ் போகும் வரை தனுசியா கடலைப் பார்க்கவேயில்லை.

கட்டிலில் கிடந்தவன் அவளைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"முள்ளெண்டு சொல்லிப்போட்டனே... முள்ளெண்டால் ரெண்டு நாளில மாறவேணுமெல்லோ? நீங்கள் எண்டைக்கு வருவியளெண்டு தெரியாது. அதால ஒவ்வொரு நாளும் குளிசை போட்டன். உங்களுக்கு முன்னால நொண்ட மனம் வரேல்ல..."



"இனி உங்கட நெருஞ்சிச் சாறு தருவியளோ?" அதே சிரிப்பு...

சிறுநீரகம் பழுதாகுமுன் சாறு குடித்த எலிகள்தான் தப்பியிருந்தன. அதை எந்த வாயால் சொல்வாள்?

அவள் பார்வை தாழ்ந்ததைப் பார்த்து அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீங்கள் போங்கோ. இனி என்னால உங்களுக்கு என்ன சுகம்?"

தனுசியா போகவில்லை. போர்வைக்கு வெளியே கிடந்த அந்தக் காலின் மேல் கையை வைத்தாள்.

"முதல் நாள் இந்தக் காலை இழுத்து இழுத்து வந்தனீங்களெல்லோ, சுகந்தன்... அண்டைக்கே எனக்கு உங்களைப் பிடிச்சிட்டுது."