இழை இழையாய் ஒரு கூந்தல்

"கையை எடுங்க சார்... அந்த லேப்டாப்பை நான் நேத்தே சொல்லி வெச்சாச்சு!"

மழையில் பாதி நனைந்து கடைக்குள் ஓடிவந்தவள், வந்த வேகத்திலேயே சண்டையைத் தொடங்கினாள். அவன் நிதானமாகத் திரும்பினான். சிரிப்பை ஒளித்துவைக்கத் தெரியாத கண்கள்...

"சொல்லி வெச்சீங்க சரி... பேர் எழுதி ஒட்டலையே?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "பெரிய டிசைன் சாஃப்ட்வேரையெல்லாம் தாங்குறது இது ஒண்ணுதாம்மா பாக்கி."

"நான் மேசை நாற்காலி டிசைன் பண்றவன். எனக்கு இதுதான் சோறு. நீங்க?"

"துணிக்குப் பூ வரையறேன்."

"பூவுக்கா? கொசு அடிக்கப் பீரங்கியா!"

சுருக்கென்றது அவளுக்கு. பூவுக்கு இல்லை... ஒரு வீட்டுக்கு. ஊருக்கெல்லாம் கட்டடம் வரைந்த அவள் கணவன், தங்களுக்கென்று வரைந்த ஒரே வீடு. விபத்து அவனைக் கொண்டுபோன பிறகு, அந்த ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் அவளுடைய பழைய லேப்டாப் திணறி நின்றுவிடும். கட்டப்படாத அந்த வீட்டுக்குள், திரையில்கூட அவள் ஒருமுறையும் நுழைந்ததில்லை.

பென் டிரைவை நீட்டினாள். "இதை ஓட்டிப் பார்க்கலாம். திறக்கலேன்னா நீங்களே எடுத்துக்குங்க."

டிசைன் செய்கிறவர்களின் வழக்கம் அது. தங்களிடம் இருப்பதிலேயே கனமான ஃபைலைக் கொண்டுவந்துதான் லேப்டாப்பைச் சோதிப்பார்கள்.

லேப்டாப்பின் விசிறி இரைந்தது... திரையில் சுவர்கள் எழுந்தன... ஜன்னலில் வெயில் விழுந்தது. சமையலறையில், முதுகு காட்டியபடி ஒரு பெண் உருவம்.

"அட, இதான் விஷயமா!" அவன் சிரித்தான். "அளவு தெரியறதுக்காக நிறுத்தற பொம்மைங்க இது. அதுக்குப் போய்க் கூந்தலை இழை இழையா வரைஞ்சிருக்காரு, யாரோ வேலை வெட்டி இல்லாத மனுஷன்! மொத்தக் கனமும் இதான். அழிச்சுட்டா உங்க பழைய லேப்டாப்பே போதும். அழிச்சுடவா?"

"வேண்டாம்!"

கடையே திரும்பிப் பார்த்தது. அவன் பார்வை திரையிலிருந்து, அவள் முதுகில் ஈரமாய்க் கிடந்த பின்னலுக்குத் தாவியது. அதே நீளம்... அதே காதோரச் சுருள்... மவுஸிலிருந்து அவன் கை விலகியது.

"வரைஞ்சவர்...?"

"என் வீட்டுக்காரர். போயிட்டாரு."

"என் வாய்க்குப் பூட்டே கிடையாதுங்க... மன்னிச்சுடுங்க. லேப்டாப்பை நீங்களே எடுத்துக்குங்க."

"உங்க இரக்கத்துல எனக்கு ஒண்ணும் வேண்டாம்!"

பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினாள். மழை விடுவதாக இல்லை. வாசல் கூரைக்கடியில் நின்று, சத்தமில்லாமல் அழுதாள்.

சற்றுப் பொறுத்து, பின்னால் அவன் குரல். "உங்க பேர்ல பில் போடச் சொல்லிட்டேன். பணம் நீங்கதான் கட்டணும்... அதனால இது இரக்கத்துல சேராது."

அவள் திரும்பவில்லை.

"அவர் மேல பொறாமைங்க எனக்கு. இத்தனை நாற்காலி வரைஞ்சேன்... ஒண்ணுலகூட யாரு உட்காரப்போறாங்கன்னு நினைச்சதில்லை. இன்னிக்கு உங்களைப் பார்த்ததும்... ஒருத்தருக்காகவே வரையணும்னு தோணுது."

"என் மனசுல அவர்தான் இருக்காரு."

"இருக்கட்டும்ங்க. அங்கேருந்து அவரை எழுந்திருக்கச் சொல்ல நான் வரலை."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"உங்க இரக்கம் பிடிக்காம நான் வெளியே ஓடி வரலை... கடைக்குள்ள நுழைஞ்சதும் உங்க கண்ணைப் பார்த்தேன். ஒரு நொடி... ஒரே ஒரு நொடி, அவரை மறந்துட்டேன். அதுக்குப் பயந்துதான்..."