மருதையன் மகள் வாங்கிய வீடு

சாவி திரும்பியது. கதவுதான் திறக்கவில்லை.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, குடமுருட்டி ஆற்றின் கரையில் இருந்தது அந்த வீடு. ஓடுகள் சரிந்திருந்தன. சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று. ஆற்றைப் பார்த்த கூடத்து ஜன்னல்களில் பாதிக்குக் கம்பியே இல்லை. தஞ்சாவூரில் முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்து, 2011 மே மாதம் ஓய்வுபெற்ற அம்சம், கையோடு அதை வாங்கிவிட்டாள். செப்பனிட்டு அங்கேயே இருந்துவிடுவதாக உத்தேசம்.

தம்பி துரைராசு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான்.

"கொல்லக் கதவு தெறந்துதான் கெடக்குக்கா. அப்படியே போயிடலாம்."

"வேணாம்டா. அப்பா அந்த வழியாத்தான் போனாரு."

அவன் முன்கதவுக்கே வந்தான். இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். உள்ளேயிருந்து யாரோ அதே பலத்தோடு எதிரே தள்ளுவதுபோல் இருந்தது. பிறகு அந்தப் பலம் சட்டென்று விட்டது.

இருபது வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. உள்ளே பூஞ்சை நாற்றம் இல்லை. இப்போதுதான் யாரோ பூசிக்கொண்டு போனதுபோல் ஜவ்வாது மணத்தது.

ஆட்சி மாறிய அறுபத்தேழில், அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு ஊர்க்கூலிகள் வேலையை நிறுத்தினார்கள். பேசித் தீர்க்கலாம் என்று பண்ணையார் பஞ்சநதம் ஆளனுப்பினார். கூலிகளுக்காகப் பேச அம்சத்தின் அப்பா மருதையன் இந்த வீட்டுக்குப் போனார். சேரிக்காரர் என்பதால் கொல்லைப்புறமாக. திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் மதகடியில் உடல் ஒதுங்கியது. தவறி விழுந்ததாக எழுதி முடித்தார்கள். அம்சத்துக்கு அப்போது வயது பதினான்கு.

பண்ணையார் நெடுநாள் இருந்துவிட்டு, இதே கூடத்தில் கண்ணை மூடினார். பேரன் வெளிநாட்டில். யார் வாங்குகிறார்கள் என்றுகூட அவன் கேட்கவில்லை.

மராமத்து தொடங்கி நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் உச்சிப்பொழுது. கொத்தனார் சிங்காரவேலு சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. வெறும் மணல் வெயிலில் தகித்தது. காக்கைகூடக் கத்தவில்லை.

கூடத்துத் தரையில் பிரம்பு ஊன்றும் சத்தம்.

டொக்.

டொக்.

"யாரது... கொல்லப்பக்கமா வா."

கிழட்டு ஆண் குரல். நெஞ்சுச்சளி கரகரத்தது. கூடத்தில் யாரும் இல்லை. சிங்காரவேலு கரணையைக் கழுவாமலேயே பையில் போட்டார்.

"அம்மா, வேற ஆளப் பாத்துக்குங்க. தப்பா நெனைக்காதீங்க."

அன்று சாயங்காலம் துரைராசு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "வித்துடலாம்க்கா. ஒனக்கு என்ன தலையெழுத்தா?"

"ஆளு இருந்தப்ப பயந்தோம். செத்ததுக்கப்புறமும் பயப்படணுமாடா?"

"அது அப்பாவ விடல. ஒன்ன விட்டுடுமா?"

மறுநாள் அம்சம் அவனையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். முன்வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். கூடத்தின் நடுவில் பாயை விரித்து, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து உட்கார்ந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தது.

முதலில் ஜவ்வாது மணம். அதற்கடியில் வேறொரு வாடை. வெகுநாள் படுக்கையில் கிடந்தவர்களின் முதுகுப்புண் வாடை. அது அவளுக்கு நன்றாகப் பழக்கமானது.

டொக்.

பிரம்பு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"மருதையன் மவளா?"

"ஆமா."

"எந்திரி. கொல்லப்பக்கம் போ."

பிடரியில் ஒரு கை விழுந்தது. பனிக்கட்டிபோல் குளிர்ந்த ஐந்து விரல்கள். அவள் தலையைத் தரையை நோக்கி அழுத்தின.

கழுத்தெலும்பு நொறுங்கும்போல் வலித்தது. கண் இருண்டது. ஓடிவிடு என்று உடம்பு முழுவதும் கெஞ்சியது. அம்சம் இரண்டு கைகளையும் பாயில் ஊன்றிக்கொண்டாள்.

நெற்றி ஒரு விரற்கடை தாழ்ந்தது. அவ்வளவுதான்.

"எங்கப்பாவ என்ன பண்ணின?" என்றாள். "அதச் சொல்லு மொதல்ல. நீதான் சொல்லணும்."

அவள் குடும்பத்தில் யாரும் அந்த மனிதரை நீ என்று சொன்னதில்லை. சொன்ன பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

கரகரத்த மூச்சு மட்டும் காதருகே ஏறி இறங்கியது. எத்தனையோ பேரின் கடைசி மூச்சை அவள் கேட்டிருக்கிறாள். இதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று தோன்றியது.

"சொல்ல மாட்டியா? சரி. நான் எங்கயும் போகல. தெனம் கேப்பேன்."

விரல்கள் இன்னும் இறுகின. அவள் தலையை நிமிர்த்தினாள். மயிரிழை மயிரிழையாக, பற்களைக் கடித்துக்கொண்டு.

வெயில் சாய்ந்தபோது கை விலகியது.

துரைராசு மனம் கேளாமல் மூன்று மணிக்கு வந்துவிட்டான். அக்காவின் கழுத்தைப் பார்த்தவன் அப்படியே வாசலில் உட்கார்ந்தான். பிடரியில் ஐந்து விரல்களும் தனித்தனியாகச் சிவந்து பதிந்திருந்தன.

"ஒரு வாரத்துல நீலமாகும், பச்சையாகும், மஞ்சளாகி மறைஞ்சிடும்" என்றாள் அம்சம். "எத்தன அடிபட்டவங்களப் பாத்திருக்கேன்."

ஆடியில் ஆறு நிரம்பி ஓடியது. வேறு ஆள் வைத்து ஓடு மாற்றி, ஜன்னல்களுக்குக் கம்பி போட்டு, கொல்லைக் கதவைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. அம்சம் அங்கேயே குடியிருந்தாள். ஊருக்குள் போகும்போது கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டாள். பிடரி பார்க்கிறவர்கள் கண்ணில் படட்டும் என்று.

அந்தத் தடம் நீலமாகவில்லை, மஞ்சளாகவில்லை. காலையில் மங்கலாக இருக்கும். ஒவ்வொரு நாளும் கூடத்துப் பாயில் அவள் மத்தியானச் சாப்பாட்டை முடித்த பிறகு துரைராசு பார்க்கும்போது, அப்போதுதான் பதிந்ததுபோல் புதுச் சிவப்பாக இருந்தது.