ஆள் நீளப் பாத்தி

கீரைப் பாத்தியில் ஒரு பகுதி மட்டும் கொழுத்துக் கிடந்தது. ஓர் ஆள் நீளம், ஓர் ஆள் அகலம். அதே விதை, அதே தண்ணீர்தான். சுற்றிலும் எல்லாம் வெளிறி நிற்க, அது மட்டும் கரும்பச்சை. செங்குட்டுவன் காலை ஷிஃப்டுக்குப் போகுமுன் அதை அடியோடு அறுத்துவிட்டுத்தான் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் முழங்கால் உயரம். காற்றே இல்லாத தோட்டத்தில் பீடி வாசனை வேறு. அந்த வீட்டில் யாரும் பீடி குடிப்பதில்லை.

வடலூர் சாலையில் அவர் கட்டிய சொந்த வீடு அது. கக்கூஸ் தண்ணீர் இறங்குகிற மண்ணில் தின்கிற பொருளை விதைக்காதீர்கள் என்று கொத்தனார் படித்துப் படித்துச் சொன்னார். வெறும் மண்ணாக விட்டால் பார்க்கிறவர்கள் கண் அங்கேயே போகுமே என்ற பயத்தில் விதைத்தார். மனைவி பிரபாவதி வாரத்தில் இரண்டு நாள் அந்தக் கீரையைத்தான் கடைந்து போட்டாள். அவர் தொடமாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன், அவள் ஊருக்குப் போயிருந்தபோது, கக்கூஸ் குழி அடைத்துக்கொண்டது. நிலக்கரி மைன்ஸில் தனக்குக் கீழே பதினாலு வருடமாகக் கான்ட்ராக்டிலேயே கிடந்த சவரிராஜைக் கூப்பிட்டார். அவன் தயங்கினான்.

"இறங்குடா. அடுத்த லிஸ்ட்ல உன்னைப் பர்மனெண்ட் பண்ணிடறேன்."

ஒரு பியூனைக்கூட மாற்ற வக்கில்லாத மனிதர், வாய் கூசாமல் சொன்னார். சவரிராஜ் குடித்துக்கொண்டிருந்த பீடியை அணைத்து, சட்டையை மடித்து வைத்துவிட்டு இறங்கினான். சற்று நேரத்தில் அவன் இடுப்பில் கட்டிய கயிறு தளர்ந்தது. விஷவாயு. ஆள் செத்தால் கேஸ், வேலை போகும் என்றுதான் அவர் புத்தி ஓடியது. சிமெண்ட் மூடியைப் போட்டார். உள்ளேயிருந்து மூன்று முறை தட்டினான். கேட்டுக்கொண்டேதான் மண்ணைத் தள்ளினார். பக்கத்தில் புதுக் குழி வெட்டி, அதே மண்ணில் தண்ணீரை விட்டார். அவன் மனைவி அன்னாள் தேடி வந்தபோது, "அப்பவே பஸ் ஏறிட்டாம்மா" என்றார்.

இப்போது கேட் கிறீச்சிட்டது. அன்னாள் நின்றாள். கையில் சாமந்தியும் மெழுகுவத்தியும்.

"இன்னிக்கிக் கல்லறைத் திருநாளுங்க. எல்லாரும் அவங்கவங்க கல்லறைக்குப் போறாங்க. எனக்கு எங்க போறதுன்னு தெரியல. அவரு கடைசியா வந்த வூடு இதுதானுங்க. பின்னாடி ஏத்திக்கினு போயிடறேங்க."

"அங்க வேணாம். கேட்டாண்ட வெச்சிட்டுப் போ."

"பாவம், ஏத்தட்டுமே" என்றாள் பிரபாவதி.

யாரும் வழி காட்டவில்லை. அன்னாள் நேராகப் போய் அந்தக் கரும்பச்சையின் தலைமாட்டில் மண்டியிட்டாள். மெழுகுவத்தியை ஊன்றி, ஏற்றி, வெகு நேரம் முணுமுணுத்தாள். பிறகு பிரபாவதி அவளைப் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிடப் போனாள்.

சுடர் அசையவில்லை. பின் தெருவிலிருந்து பார்த்தால் தெரியும். அணைத்துவிட வேண்டும் என்று செங்குட்டுவன் பாத்திக்குள் கால் வைத்தார்.

தட்டும் சத்தம்.

செருப்புக்கு அடியில். மூன்று முறை.

கால் புதைந்தது. ஓர் அடிக்குக் கீழே சிமெண்ட் மூடி இருக்க வேண்டும். இல்லை. முழங்கால். இடுப்பு. கணுக்காலைக் கயிறுபோல இறுகப் பிடித்திருந்தது ஒரு கை.

பீடி வாசனை. காதருகே.

"சார். நான் பர்மனெண்ட் ஆயிட்டேங்க."

மார்பு. கழுத்து.

"அடுத்த லிஸ்ட்ல உங்க பேருதாங்க."

கத்த வாயைத் திறந்தார். மண் நுழைந்தது. கண்ணுக்கு நேரே மெழுகுவத்தி எரிந்தது. அதன் பக்கத்தில், இன்னோர் ஆள் நீளத்துக்கு, கரும்பச்சையாய்க் கீரை எழும்பிக்கொண்டிருந்தது.