ஒரு மணிக்கு உடையும் கடல்

மதியம் ஒரு மணிக்கு வழக்கம்போல் கடல் உடைந்து அரங்கத்துக்குள் புகுந்தது. செய்தி வாசிப்பாளர் எழினி புடவைக் கொசுவத்தை ஒரு சாண் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "வணக்கம். மூன்றாம் கூடம் மூழ்குமா?" என்று கேட்டாள். பின்சுவர் பிளந்தது, பச்சை நீர் பாய்ந்து மேசைக் கால்களைச் சுற்றிச் சுழித்தது, அவளுடைய முழங்காலை எட்டியதும் நின்றது. முந்தைய நாள் இடுப்பளவு வந்திருந்தது. வீடுதோறும் மக்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே அதைப் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மோருக்குக் கை நீட்டியவர்கள் மட்டும் சற்றே நகர்ந்தார்கள்.

ஆழிக்குடி என்னும் அவ்வூர், தூத்துக்குடிக் கரைக்குக் கிழக்கே, கடலுக்கடியில் இருநூறு மீட்டர் ஆழத்தில் அமைந்திருந்தது. கவிழ்த்த சட்டிகளைப் போல மூன்று கூடங்கள், அவற்றை இணைக்கும் சுரங்கப் பாதைகள், பாதைக்கொரு அடைகதவு. பாதையில் கணுக்காலளவு நீர் நின்றால் அடைகதவு தானாகவே இறங்கிவிடும். இறங்கிய கதவு மறுபடி ஏறாது. ஒரு கூடத்தை இழந்து மற்றவற்றைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆழிக்குடியின் பள்ளிகளில் எழுத்து அறிவிப்பதற்கு முன்பே ஒரு விதியை அறிவிப்பார்கள்: வெளிச்சுவரைத் தொடாதே. அதற்கு அப்பால் இருப்பது கடல்.

மூன்றாம் கூடத்திலிருந்த அந்த அரங்கத்துக்குள் பாய்ந்தது நீரன்று, ஒளி. ஒளிச்சுவர் என்னும் பொறி அதை நெய்து தந்தது. அதன் இரைச்சலும் உவர் மணமும் வீடுகளுக்குச் சென்றன. ஒவ்வொரு குடிமகனின் காதுக்குப் பின்னாலும் கடுகளவு அச்சமானி ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. பார்ப்பவர்கள் எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதை அது நொடிக்கு நொடி 'ஓதம்' செய்தி அலைவரிசைக்குத் தெரிவித்தது. எழினியின் மேசையில் ஒரு முள் அதைக் காட்டிக்கொண்டே இருக்கும். முள் எழுபதுக்குக் கீழே மூன்று நாள் நின்றால் வாசிப்பாளர் மாற்றப்படுவார். முதல் ஆண்டில் பாதம் நனையும் அளவு ஒளிநீரே போதுமானதாக இருந்தது. நான்காம் ஆண்டில் இடுப்பளவு நீருக்கும் மக்கள் கொட்டாவி விட்டார்கள். ஆகவே சென்ற வாரம் இரு மடங்கு பெரிய ஒளிச்சுவர் ஒன்றை வரவழைத்தார்கள்.

அன்றைய செய்தி, ஒரு குழாயில் கண்ட துருவைப் பற்றியது. "துரு பரவுமா? பரவினால் யார் பொறுப்பு?" என்று எழினி வாசித்துக்கொண்டிருந்தாள். விடை தெரியாத கேள்வியைச் செய்தி என்று சொல்லக் கூச்சப்படாத காலம் அது. மூன்றாவது கேள்வியின் நடுவே அவளுடைய வலக்கால் குளிர்ந்தது.

ஒளி குளிராது.

அவள் வாசிப்பை நிறுத்தாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினாள். முழங்காலளவு பச்சை ஒளிக்கு அடியில், செருப்பின் தோல்வார் கறுத்து நனைந்திருந்தது. கால்விரல்களை மடக்கிப் பார்த்தாள். அவற்றினிடையே நீர் நெளிந்தது. கைக்குட்டை விழுந்ததுபோல் குனிந்து, விரலை நனைத்து நாவில் வைத்தாள். உப்பு.

வாசித்துக்கொண்டிருந்த சொல்லிலேயே அவள் குரல் அறுந்தது. முள் இரண்டு புள்ளி ஏறியது.

காதிலிருந்த செவிமணியில் தயாரிப்பாளர் தஸ்நேவிஸ் குதித்தார். அவர் இருந்தது முதலாம் கூடத்தில். அரங்கத்தில் நடப்பதைத் திரையில் மட்டுமே காண்பவர். "பிரமாதம் எழினி! அந்த நடுக்கம் அப்படியே நிக்கட்டும். இப்ப விளம்பரம் போறோம். மூணு நிமிஷம்."

"சார், தண்ணி. நெஜத் தண்ணி."

"அதேதான்! வந்ததும் இதையே சொல்லுங்க."

அரங்கத்தில் அவளைத் தவிர இருந்தவர், அரங்க அமைப்பாளர் சுடலைமுத்து ஒருவர்தாம். எழினி அவரைப் பார்த்த பார்வையிலேயே அவர் ஒளிச்சுவருக்குப் பின்னால் ஓடினார். திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தமில்லை. சட்டையின் வலக்கை தோள்வரை நனைந்திருந்தது.

"அந்த நாலு போல்ட்டும்மா" என்றார். "ரெண்டு போல்ட்டைச் சுத்தி விரிஞ்சிட்டு. கைய வச்சு அடைச்சுப் பாத்தேன். கையைத் தள்ளுது."

புதிய ஒளிச்சுவரின் எடையை உட்சுவர் தாங்காது என்று தெரிந்ததும், அதை வெளிச்சுவரிலேயே மாட்டும்படி தஸ்நேவிஸ் உத்தரவிட்டிருந்தார். சுடலைமுத்து மறுத்தார். "நாலே நாலு போல்ட்டுதான் அண்ணாச்சி. கடலுக்குத் தெரியவா போகுது?" என்று சிரித்தார் தஸ்நேவிஸ். கடல் உடைவதைக் காட்டுவதற்காகவே கடலுக்குத் துளை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"எவ்வளவு நேரம் அண்ணாச்சி?"

"தரை பாதைப் பக்கம் சரிவு. அரை மணி நேரத்துல கதவு எறங்கிரும். இந்தக் கூடத்துல ரெண்டாயிரம் பேரு."

அந்த இரண்டாயிரம் பேரில் எழினியின் கணவன் சேர்மராஜும், காய்ச்சலால் பள்ளிக்குப் போகாதிருந்த ஏழு வயது மகள் கயலும் அடக்கம்.

சுடலைமுத்து நகர்மன்றத்தைக் கூப்பிட்டார். சங்கொலி முறையை அவர்கள் ஈராண்டுக்கு முன்பே கைவிட்டிருந்தார்கள். ஓதத்தின் தலைப்புச் செய்தி இசைக்கும் சங்குக்கும் மக்களுக்கு வேறுபாடு தெரியவில்லையாம். ஆகவே எல்லா எச்சரிக்கையும் அலைவரிசை வழியாகவே செல்ல வேண்டுமென்று தீர்மானம் போட்டிருந்தார்கள். மன்றத்து அலுவலர் வாயில் எதையோ மென்றுகொண்டே, "பாத்துட்டுத்தான் இருக்கோம் அண்ணாச்சி, இன்னிக்கு நல்லா இருக்கு" என்றார்.

எழினி கணவனை அழைத்தாள்.

"என்னங்க, பாப்பாவைத் தூக்கிட்டு ரெண்டாம் கூடத்துக்கு ஓடுங்க. ஒண்ணும் எடுக்காதீங்க."

மறுமுனையில் தட்டை நகர்த்தும் ஓசை. பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் பேசுவது போன்ற குரலில், "எழினி, நீ இல்லாம நாங்க எங்க போவோம்!" என்றான். உடனே குரலைத் தாழ்த்தி, "சரியாச் சொன்னேனா? இது போயிட்டிருக்குல்லா?" என்று கேட்டான்.

சென்ற மாதம் முள் தாழ்ந்த ஒரு நாளில், நேரலையில் கணவனை அழைத்து அழும்படி தஸ்நேவிஸ் சொன்னார். அழுதாள். ஊரே கேட்டது. அன்று சேர்மராஜ் உளறிவிட்டதாக அவனுடைய நண்பர்கள் ஒரு வாரம் கேலி செய்தார்கள்.

"சத்தியமா நெஜங்க. பாப்பா மேல சத்தியம்."

"போன தடவையும் பாப்பா மேலதான் சத்தியம் பண்ணுன" என்றான் அவன். அதில் கோபமில்லை. "சாம்பார்ல உப்பு கம்மி, அதைச் சொல்ல மறந்துட்டேன்."

விளம்பரம் முடிந்தது.

எழினி காமிராவைப் பார்த்து, தன் வாழ்நாளில் முதன்முறையாகக் கேள்விக்குறி இல்லாமல் ஒரு செய்தியைச் சொன்னாள். "மூன்றாம் கூடத்தின் வெளிச்சுவர் விரிசல் கண்டுவிட்டது. அரை மணி நேரத்துக்குள் அடைகதவு இறங்கும். எல்லாரும் உடனே இரண்டாம் கூடத்துக்குச் செல்லுங்கள். இது உண்மை." சொல்லிவிட்டு முள்ளைப் பார்த்தாள். எழுபத்திரண்டு. நேற்று இதே நேரம் எழுபத்தெட்டு.

அரங்கத்தின் பக்கச் சன்னலில் மூன்றாம் கூடத்தின் பெருந்தெரு தெரிந்தது. ஒரு பூனை நடந்து போயிற்று. வேறு யாருமில்லை.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் அணைங்க. ஒளி, இசை, எழுத்துப் பட்டை எல்லாம்."

சுடலைமுத்து விசையை இழுத்தார். நான்காண்டுகளில் முதன்முறையாக ஓதம் அரங்கம் தன் உண்மை உருவில் திரையில் தோன்றியது: சாம்பல் நிறச் சுவர், அதில் நூல்போல இறங்கும் நீர், தரையில் இரண்டு விரற்கடை ஈரம், நடுவே நனைந்த செருப்போடு நிற்கும் ஒரு பெண். சாகடிக்கப் போகும் கடல் அவ்வளவு சிறியதாக இருந்தது.

முள் சரிந்தது. ஐம்பது. நாற்பது. முப்பத்தொன்று. செவிமணியில் தஸ்நேவிஸ் அலறினார். மேசைத் திரையில் மக்களின் குறிப்புகள் வந்து விழுந்தன. 'அரங்கம் பழுதா?' 'நேற்றைய கடல் இதைவிட நன்றாக இருந்தது.' 'இது என்ன, குளியலறையா?' அவற்றுக்கு நடுவே, வேறு பல குறிப்புகளும் வந்தவண்ணம் இருந்தன. 'இன்று என் மகன் பிறந்தநாள், பெயரை வாசிப்பீர்களா?' 'எங்கள் திருமண நாள், நான்கு நாளாக எழுதுகிறேன், இன்றாவது வாசியுங்கள்.' செய்தியின் முடிவில் பத்துப் பெயர்களை வாசிப்பது ஓதத்தின் வழக்கம். உலகம் மூழ்குகிறது என்று கேட்டபிறகும் அவர்கள் அந்தப் பத்துப் பெயர்களுக்காகவே காத்திருந்தார்கள்.

எழினி அந்தக் குறிப்புகளை ஒரு கணம் வெறித்துப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான்காண்டுப் பழக்கத்தில் வந்த புன்னகையை முகத்தில் ஏற்றினாள்.

"மூன்றாம் கூடத்து நேயர்களே! இன்னும் கால் மணி நேரத்தில் இரண்டாம் கூடத்து வாசலில் ஓதத்தின் சிறப்பு நேரலை. மூன்றாம் கூடத்தாருக்கு மட்டும். வருகிற ஒவ்வொருவர் முகமும் திரையில் தோன்றும், பெயரும் வாசிக்கப்படும். கதவு மூடியபிறகு வருபவர்களுக்கு இடமில்லை."

முள் துள்ளியது. எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்று நான்கு. ஓதத்தின் வரலாற்றில் அது தொட்டிராத உயரம். சாவதற்கு அஞ்சாத ஊர், விடுபட்டுப்போவதற்கு அஞ்சியது.

ஆனால் சன்னலுக்கு வெளியே தெரு இன்னும் வெறிச்சோடிக் கிடந்தது. நீர் செருப்பின் மேல்வாரை மூடியது. ஐந்து நிமிடங்கள் கழிந்தன. ஏன் ஒருவரும் வரவில்லை? மேசைத் திரையில் சேர்மராஜின் குறிப்பு மின்னியது: 'பாப்பா துள்ளிக்கிட்டு நிக்குது. தலை பின்னிட்டு வாரோம். நீலப் பாவாடையா, மஞ்சளா?'

இரண்டாயிரம் பேரும் அலங்காரம் செய்துகொண்டிருந்தார்கள்.

எழினி காமிராவை நோக்கிக் குனிந்தாள். "வீட்டு உடையில் வருபவர்களுக்கே அனுமதி!" என்று கத்தினாள். "தலை சீவியவர்கள், பவுடர் பூசியவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள்! முதலில் வருபவர் முகமே முதலில்!"

அதற்குப் பிறகு நிகழ்ந்ததை அவள் சன்னல் வழியே கண்டாள். கதவுகள் ஒருசேரத் திறந்தன. பாதி மழித்த முகத்தோடு ஒருவர் ஓடினார். கரண்டியும் கையுமாக ஒரு பெண். துண்டு மட்டும் கட்டிய முதியவர் மூவர், ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு ஓடினார்கள். "எலேய், வரிசைல வால!" என்று எவரோ ஏசினார். "ஓதத்துக்கு எவன்ல வரிசை வச்சான்!" என்று விடை பறந்தது. அவ்வளவு கூட்டத்திலும் அவள் தேடிய இரண்டு முகங்கள் தென்படவில்லை. தெரு ஒலிபெருக்கியில் அவள் பேச்சு நின்றால் முள் இறங்கியது. முள் இறங்கினால் தெருவில் ஓட்டம் தளர்ந்தது. ஆகவே தனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் வாசித்துக்கொண்டே நின்றாள். நீர் கணுக்காலைத் தொட்டது. பின்னால், சுவருக்குள்ளிருந்து பல் நறநறப்பதைப் போல் ஓர் ஒலி.

"எம்மா, போதும். வா." சுடலைமுத்து அவள் கையைப் பற்றினார்.

"கயல் போயிட்டாளான்னு தெரியல அண்ணாச்சி."

"இங்க நின்னாலும் தெரியாது. வா தாயி!"

சுரங்கப் பாதையில் அவர்களே கடைசி. முன்னால் அடைகதவு முனகிக்கொண்டு இறங்கத் தொடங்கியிருந்தது. எழினி குனிந்து நுழைந்தபோது வலக்காற்செருப்பு நீரில் கழன்று பின்தங்கியது. அவளுக்குப் பின்னால் இரும்பு, தரையைத் தொட்டது. சற்று நேரத்தில் அதற்கு அப்பால் ஏதோ பெரிதாக விழும் ஓசை கேட்டது. பிறகு எந்த ஓசையும் இல்லை.

இரண்டாம் கூடத்து வாசலில் இரண்டாயிரம் பேர் கழுத்தை நீட்டி நின்றார்கள். பாதி பின்னிய சடையோடு கயல், தந்தையின் தோள்மேல் இருந்தாள். எழினி ஓடிச்சென்று குழந்தையின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, காமிரா எங்க?" என்றாள் கயல்.

அதே கேள்வியைத்தான் இரண்டாயிரம் பேரும் கேட்டார்கள்.

மறுநாள் காலை நகர்மன்றம் கூடியது. மூன்றாம் கூடம் போயிற்று, ஓருயிரும் போகவில்லை என்று பதிவு செய்யப்பட்டது. சுவர் விரிந்த காட்சியைத் திரையிட்டார்கள். நம்பும்படியாக இல்லை என்றே பெரும்பாலோர் கருதினர். கடல் நூல்போலவா ஒழுகும்? வெளிச்சுவரில் போல்ட் அடித்தது பற்றி ஒரு புகாரும் இல்லை. எழினி மேல் அறுநூற்றுப் பதினொரு புகார்கள் வந்திருந்தன. காமிரா இருக்கிறது என்று சொல்லி மக்களை வீட்டு உடையில் வரவழைத்தாள், காமிரா இல்லை. நான்காண்டுகளாக நாள்தோறும் ஊரை மூழ்கடித்தவள்மீது, பொய் சொன்னதாக வந்த முதல் குற்றச்சாட்டு அது. நேரலையில் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று மன்றம் தீர்ப்பளித்தது. புகார் கொடுத்தவர்களில் சேர்மராஜ் இல்லை.

"ரெண்டாம் கூடத்துல புது அரங்கம் தயார்" என்றார் தஸ்நேவிஸ். "நேத்து தொண்ணூத்து நாலு! மன்னிப்பும் அதே வேகத்துல வரணும் எழினி."

மணி ஒன்றாயிற்று. பின்சுவர் பிளந்தது. பச்சைக் கடல் இரைச்சலோடு பாய்ந்து அவளுடைய இடுப்புவரை ஏறி நின்றது. முள் எழுபத்தொன்று காட்டியது. மன்னிப்புத் தாள் மேசைமேல் கிடந்தது. வாசிக்கத் தொடங்குமுன் எழினி சுடலைமுத்துவைத் தேடினாள். அவர் ஒளிச்சுவரின் ஓரத்தில், புதிய போல்ட்டுகளுக்கு அருகே நின்றார். அவளுடைய கண்ணைச் சந்திக்கவில்லை.

அவள் புதிய செருப்பிலிருந்து வலக்காலை மெல்ல விடுவித்து, தரையில் வைத்து, குளிர்கிறதா என்று பார்த்தாள்.